ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள்

விஜயராணிக்குக் கழுத்து போய்விட்டது. ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்து பனியனுக்குத் தோள் தையல் அடித்து அடித்து, இப்போது இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். இனிமேலும் மெஷினில் உட்கார்ந்தால் கை மரத்துப் போகும், நிற்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ளம்மா என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். திருப்பூரில் ஒரு டெய்லருக்குச் சம்பளம் குறையாமல் நிற்கிற வேலை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது ஒரு வரிசை மெஷின்களை மேற்பார்க்கிற லைன் இன்சார்ஜ் வேலை.

அந்த வேலையும் அந்த நேரம் பார்த்துக் காலியானது. பழைய இன்சார்ஜ் வேறு கம்பெனிக்குப் போய்விட, புது ஆள் போடும்வரை லைனைப் பார்த்துக்கொண்டது விஜயராணிதான். உடன்குடிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இருந்தது இதே கம்பெனியில். அந்த ஃப்ளோரில் உட்கார்ந்து தைப்பது பெரும்பாலும் பெண்கள், நின்று அதட்டுவதெல்லாம் ஆண்கள் என்றுதான் இதுவரை ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விஜயராணி அக்காதான் என்று துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பிள்ளைகள்வரை பேசிக்கொண்டார்கள். அவளும் வெளியே சொல்லாமல் மனசுக்குள் ஆசையை வளர்த்துக்கொண்டாள். பின்னே, வளர்க்க மாட்டாளா?

அங்கே பதவி கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. முன்னொரு தடவை கட்டிங் மாஸ்டர் தன் மச்சினனை இன்சார்ஜ் ஆக்கப்போய், டெய்லர்கள் அத்தனை பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். அதிலிருந்து முதலாளி ஆறுச்சாமி ஒரு ஏற்பாடு செய்தார். மூன்று பேர் உட்கார்ந்து ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் அவர். இன்னொருவர் மேனேஜர் தேஜஸ்ரீ. மூன்றாவது ஆள் தொழிலாளிகள் தரப்பிலிருந்து. மூன்று பேரில் யாருக்கும் வேலை கேட்கிறவர்களோடு சொந்தம் இருக்கக் கூடாது. மேனேஜர் தேஜஸ்ரீ முதலாளியின் மருமகள் என்பதை மட்டும் யாரும் சொந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம், நமக்கெதற்கு.

தொழிலாளிகள் தரப்பில் உட்காரப்போவது செக்கிங் பிரிசில்லா என்று தெரிந்ததும் விஜயராணிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பிரிசில்லாவும் உடன்குடிப் பக்கம்தான். புருஷனை இழந்து, இடுப்பில் பெண் குழந்தையோடு திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவளை வீட்டுக்குக் கூட்டிவந்து, இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே விஜயராணிதான். ஒரே திருச்சபை, ஒரே தெரு. மதினி, மதினி என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டு ரத்த சொந்தத்தைவிட மேலாகப் பழகினார்கள். அந்தக் குழந்தையும் விஜயராணி வீட்டுச் சோற்றில் பாதி வளர்ந்து, இன்று கல்யாண வயதில் நிற்கிறது.

வேலைக்குக் கடைசியாக நின்றது இரண்டே பேர். விஜயராணி ஒன்று, அடுத்த லைனில் ஃப்ளாட்லாக் மெஷின் ஓட்டும் அருள்செல்வன் ஒன்று. அவனும் தெற்கத்திப் பையன்தான். அமைதியானவன், வேலைக்காரன், அவளைவிட ரொம்ப இளையவன். அவனைக் குற்றம் சொல்ல இன்றைக்கும் அவளுக்கு வாய் வராது.

அன்றைக்கு ஆபீஸ் அறையில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஆறுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங்க, இதுல யாருக்காச்சும் யாராச்சும் ஒறவா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. அப்பறம் ஒரு பேச்சு வரப்படாதுங்க."

பிரிசில்லா வாயைத் திறக்கவில்லை. அருள்செல்வன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜயராணிதான் எழுந்தாள். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் அவளுக்கு, அப்படி ஒரு பிறவி.

"ரத்த சொந்தம் இல்லைங்க. ஆனா பிரிசில்லா எனக்குச் சொந்தம் மாதிரிதான். அவுக இதுல இருக்கலாமான்னு நீங்களே சொல்லிருங்க."

ஆறுச்சாமி சிரித்துவிட்டார். ஊர்க்காரர்கள் எல்லாம் சொந்தமென்றால் பாதி திருப்பூரை வெளியே அனுப்ப வேண்டியதுதான் என்றார். பிரிசில்லா இருக்கட்டும் என்று முடிவானது.

வேலை கேட்ட இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு மூன்று பேரும் பேசியதில், முதலாளி விஜயராணியைச் சொன்னார். மேனேஜர் அருள்செல்வனைச் சொன்னாள். மூன்றாவது வார்த்தை பிரிசில்லாவுடையது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாளாம். மதினியே தன்னைச் சொந்தம் என்று சபை நடுவில் சொல்லிவிட்டாள், இனி அவளுக்குக் கை தூக்கினால் ஊரார் காறித் துப்புவார்கள், மனசாட்சிக்குப் பயந்து அருள்செல்வனையே சொல்கிறேன் என்றாளாம்.

கம்பெனி முழுக்க அதே பேச்சுதான். ஊர்க்காரி என்றுகூடப் பார்க்காமல் நியாயத்துக்கு நின்றாளே, இவளல்லவா மனுஷி என்றார்கள். விஜயராணியும் அப்படித்தான் நினைத்தாள், அதுதான் கொடுமை. ராத்திரி புருஷன் ராஜவேல் கழுத்துக்குத் தைலம் தேய்த்தபடி, நீ எதுக்குப் பெரிய இவளாட்டம் வாயைக் கொடுத்தே என்று திட்டியபோதுகூட பிரிசில்லாவை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். மறுநாள் சாப்பாட்டு வேளையில், உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அழுத பிரிசில்லாவுக்குத் தன் மீன் குழம்பை ஊற்றிக் கொடுத்துத் தேற்றியவளும் அவள்தான். பாவி, அவள் அழுகைக்கு என்ன அர்த்தம் என்று இவளுக்கு எங்கே தெரியும்?

அது தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சபைக்கு முன் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்பார். அதற்கு ஓலை வாசிக்கிறது என்று பெயர். அன்றைக்கு பிரிசில்லா வழக்கம்போல் விஜயராணி பக்கத்தில் வந்து உட்காராமல் முன்வரிசைக்குப் போய்விட்டாள். போதகர் வாசித்தார். மாப்பிள்ளை, அருள்செல்வன். பெண், பிரிசில்லாவின் மகள்.

"இதற்கு யாருக்காவது நியாயமான ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்" என்று போதகர் வாசித்து முடித்தார். விஜயராணியின் கண்முன்னால் வந்து நின்றது ஒரு ஜாக்கெட். அந்த இன்சார்ஜ் பேச்சு எழுவதற்கு முன்னாலேயே, ரோஜாப்பூ நிறத்தில் ஒரு பட்டுத் துண்டைக் கொண்டுவந்து, ஊரில் அண்ணன் மகளுக்கு நிச்சயம், அவளும் என் மகள் உடம்புதான், அந்த அளவிலேயே தை மதினி என்று பிரிசில்லா கேட்டிருந்தாள். விஜயராணி கழுத்து வலியோடு உட்கார்ந்து, ஜாக்கெட் கழுத்தில் மணி கோத்து, கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தாள். அண்ணன் மகளாவது ஒன்றாவது! அந்த நிச்சயம் யாருக்கு என்று இப்போது விளங்கியது.

எழுந்து நிற்க ஒரு நொடி போதும். முன்வரிசையில் பிரிசில்லாவின் முதுகு விறைத்திருந்தது. பக்கத்தில் அந்தப் பெண் தலை குனிந்திருந்தாள். அது ஒரு பாவமும் அறியாதது. விஜயராணி உட்கார்ந்தே இருந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் பிரிசில்லாவைப் பிடித்துக்கொண்டாள். பிரிசில்லா மறைக்கவில்லை. பையன் இன்சார்ஜ் ஆனால்தான் கல்யாணம், அதுவரை நிச்சயம் வெளியே தெரியக் கூடாது, இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டில் நின்றுவிட்டார்களாம்.

"நீ பொறுத்துக்கிடுவ மதினி. அவுக பொறுக்க மாட்டாக. நான் என்ன செய்ய, சொல்லு?"

"வேலை போனா போகட்டும், பிரிசில்லா. நான் உன்னைச் சொந்தம்னு சொன்ன வார்த்தையை எடுத்தே என்னை அறுத்துட்டியே. அதுதான் தாங்க முடியல."

ராத்திரி படுத்த பிறகும் அதே நினைப்புதான். ஏமாந்ததுகூடப் பெரிதில்லை, ஏமாற்றியவளுக்குக் குழம்பு ஊற்றித் தேற்றினோமே என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை மெஷினில் உட்காராமல் நேராக ஆபீஸுக்குப் போனாள். ஆறுச்சாமி இருந்தார், தேஜஸ்ரீ இருந்தாள். பிரிசில்லாவையும் கூப்பிடச் சொன்னாள்.

"நேத்து சபையில ஆட்சேபணை உண்டான்னு கேட்டாகங்க. அந்தக் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அன்னைக்கு நீங்க இந்த ரூம்ல ஒரு கேள்வி கேட்டீங்கள்லா, அதுக்குத்தான் என் ஆட்சேபணை" என்று ஆரம்பித்து, நடந்ததைச் சொன்னாள்.

ஆறுச்சாமி பிரிசில்லாவைப் பார்த்தார். பிரிசில்லா விஜயராணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப இந்தப் பேச்சே எடுக்கலைங்க. பொறவுதான் கூடி வந்துச்சு" என்றாள்.

முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ஐயா! கொஞ்சமாவது வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.

"அந்த நிச்சயத்து ஜாக்கெட்டைத் தைச்சது நான்" என்றாள் விஜயராணி. "பழைய இன்சார்ஜ் இருக்கும்போதே தைச்சுக் குடுத்தேன்."

தேஜஸ்ரீ கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறுச்சாமி கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஷிப்மெண்ட் நெருங்குகிற நேரத்தில் ஓடுகிற லைனை எந்த முதலாளி நிறுத்துவார்?

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுமுங்க அம்மிணி. அன்னிக்குத் தாலி கட்டலீங்களே, ஒறவுன்னு எப்படிங்க சொல்றது? ஆர்டர் குடுத்தாச்சு. அடுத்த வாட்டி சம்பந்தம் பேசறவங்களும் சொல்லோணும்னு வெச்சுக்கலாமுங்க."

அடுத்த வாட்டி. கழுத்து அதுவரை தாங்குமா என்று அவரிடம் கேட்டு என்ன பயன்?

வெளியே போகத் திரும்பியவளின் கையைப் பிரிசில்லா பிடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. இந்தத் தடவை அது நிஜக் கண்ணீராகவே இருக்கலாம்.

"மதினி, நீ போய் இப்படி..."

விஜயராணி கையை விடுவித்துக்கொண்டு முதலாளி பக்கம் உடம்போடு திரும்பினாள்.

"அன்னைக்கு நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்குங்க, மாத்திக்கிடுங்க. இவுகளுக்கும் எனக்கும் ஒரு சொந்தமும் இல்லை."

சொல்லிவிட்டுத் தன் மெஷினுக்குப் போனாள். அருள்செல்வன் லைன் தலைப்பில் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், நேரமாச்சு அக்கா என்று சொல்ல வந்தவன் சொல்லாமல் விலகி நின்றான். அவள் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, வெட்டிவந்த துணிக்கட்டைப் பிரித்து முதல் பனியனுக்குத் தோள் அடித்தாள்.