பால் பொங்கிய பிறகு கேட்ட பாஸ்போர்ட்

வீட்டுத் தரகில் சுவரைத் தட்டிப் பார்க்க நூறு பேர் வருவார்கள்; பத்திரத்தைப் படிக்கிறவள் ஒருத்திதான், அவள் மேல்தான் அத்தனை பேருக்கும் எரிச்சல். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தாம்பரத்தில் இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். வீடு வாங்கியோ, விற்றோ, வாங்கிக் கொடுத்தோ நொந்தவர்கள் நீங்கள் என்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஆடிக்கு முன்னால்

சரோஜா அக்கா மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்தவர். ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. தாத்தா திருநீர்மலைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவராம். கடைசிக் காலத்தை அந்த மலை தெரிகிற வீட்டில் கழிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. ஆறு வீடு காட்டினேன், உதட்டைப் பிதுக்கினார். ஏழாவது வீட்டின் மொட்டை மாடியில் ஏறினார், மலைக்கோயிலைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார். பேச்சு முடிந்தது.

கட்டி முடித்த சூடு ஆறாத வீடு. கட்டியவர் வரதன், அந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பம். ஆடி பிறக்க நாலே நாள் இருந்தது. ஆடி வந்தால் பால் காய்ச்ச முடியாது என்று அக்காவின் தூரத்து உறவு கோபி குதித்தான். வரதன் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். பத்திரப் பதிவு ஆவதற்கு முன்பே பால் காய்ச்சியாகிவிட்டது. நானும் போய்க் கேசரி சாப்பிட்டேன். அக்கா வாய் திறந்தால் தமிழ், அதனால் அதுவரை அவர் எந்த நாட்டுக் குடிமகள் என்று நான் கேட்கவே இல்லை. இந்தத் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். கை கழுவிய பிறகுதான் உறைத்தது. பாஸ்போர்ட்டைக் கேட்டேன். அக்கா சிரித்தார். "பாலு நல்லா கிழக்கே பொங்கிருச்சு தங்கச்சி, இனிமே பாஸ்போர்ட்டு எதுக்கு?"

சிவப்பு அட்டை

மலேசிய பாஸ்போர்ட். அதில் சுற்றுலா விசா. சுற்றுலா வந்த வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே வீடு வாங்க முடியாது. பூர்வீகம் இந்தியா என்று காகிதத்தோடு நிரூபித்து ஓசிஐ அட்டை வாங்கினால் வீடு வாங்கலாம். அப்போதும் விவசாய நிலம் கிடையாது. அட்டை வரும்வரை வாடகைக்கு இருக்கலாம், அதுவும் ஐந்து வருடத்துக்கு மேல் எழுதக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். எட்டாம் வகுப்புக்காரிக்குப் புரிந்தது.

வரதனுக்குப் புரியவில்லை. இரண்டு தரம் சொன்னேன். மூன்றாவது தரம் சத்தம் போட்டுச் சொன்னேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாமா நீ, தமிழ் பேசினுகீறாங்க, நம்ம சாமியக் கும்பிட்டுனுகீறாங்க, அவங்க பாரீனா? உன் மூஞ்சியப் பார்த்தாத்தான் எனக்கு பாரீன்காரி மாதிரி கீது!"

கோபி வீட்டு விலாசம்

அடுத்து பத்திர எழுத்தர். எல்லாரும் சார் என்று கூப்பிடுவதால் சாராகவே ஆகிவிட்டவர். நான் போவதற்குள் கோபி அவரிடம் போய்விட்டான். நகல் தயாராக இருந்தது. 'தாம்பரம், கோபி வீட்டு விலாசத்தில் வசிக்கும் சரோஜா' என்று எழுதியிருந்தார். குடியுரிமை பற்றி மூச்சே இல்லை.

"சார், இது பொய்" என்றேன்.

"பொய் இல்லம்மா, சொல்லாம விட்டிருக்கேன்."

"நாளைக்கு மாட்டினா யார் மாட்டுவா? நீங்களா? அறுபது வயசுக்கு மேல ஒரு பொம்பளை கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா?"

நகலை நாலாக மடித்து என் பைக்குள் திணித்துக்கொண்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்குக் கோபம். டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்னார்: "இவ்வளவு சட்டம் பார்த்தா இந்த ஆபீஸ்ல யாரும் மத்தியானம் சாப்பிடவே முடியாதும்மா."

கோபியின் பெரிய மனசு

கடைசியில் கோபி தன் பெரிய மனதைத் திறந்து காட்டினான். வீட்டைத் தன் பேரில் பதிந்துகொள்கிறானாம், அக்கா ஆயுசுக்கும் இருந்துகொள்ளலாமாம்.

இந்தப் பெரிய மனதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். முன்பு சேலையூரில் ஒருவர் இப்படித்தான் சிநேகிதன் பேரில் வாங்கினார். சிநேகிதன் செத்துப்போனான். காரியம் முடிந்த கையோடு அவன் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டினார்கள். பத்திரத்தில் யார் பேரோ அவர்கள் வீடு. பினாமியாக வாங்கினேன் என்று வாயைத் திறந்தால் அதுவே குற்றம். அந்த மனிதர் ஒரு பெட்டியோடு வெளியே போனதைப் பார்த்தவள் நான்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அழுதார். "எனக்கு இங்க இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவனையும் பகைச்சுக்கச் சொல்றியா?" அப்போது என் போன் அடித்தது. கோபிதான். ஸ்பீக்கரில் போட்டேன், பக்கத்தில் அக்கா இருப்பது அவனுக்குத் தெரியாது. "மேடம், மாடி ரூம்ல ஏசி பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கு? என் மாமியாருக்கு வெக்கை ஒத்துக்காது."

மேடவாக்கத்து அம்மா

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டைக்கே விண்ணப்பிக்கிறேன் என்றார். தாத்தாவின் பழைய பயணக் காகிதம், பிறந்த ஊர் பேரோடு, ஈப்போவில் பீரோவில் இருக்கிறதாம். ஆனால் அட்டை வர மாதங்கள் ஆகும். வரதன் காத்திருக்க மாட்டேன் என்றார். மறுநாளே மேடவாக்கத்திலிருந்து வேறு ஒரு தம்பதியை வரவழைத்தார். வீட்டைத் திறந்துகாட்ட என்னையே கூப்பிட்டார். அக்காவிடம் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆத்திரத்தோடு போய்த் திறந்தேன்.

அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. அந்த அம்மா சமையலறைக்குள் போனார். தரையில் கோலம், சுவரில் மஞ்சள் குங்குமம், மூலையில் மூன்று செங்கல், புகைக் கரி. என்ன இது என்று என்னைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "ஒருத்தங்க ஆசையா பால் காய்ச்சிட்டு அழுதுட்டுப் போன வீட்ல நான் போய் காய்ச்சணுமா? எனக்கு வேணாம்ங்க, அந்தம்மா கண்ணீர் எங்களைச் சும்மா விடாது."

மலை தெரிகிற வாடகை வீடு

அந்தச் செய்தி தெரு முழுக்கப் பரவியது. அடுத்த இரண்டு வாரம் வரதன் வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வரவில்லை. அவரே என்னைத் தேடி வந்தார். "சரிம்மா, வாடகைக்கே வுட்டுத் தொலைக்கிறேன். அட்டை வந்ததும் அவங்களுக்கேதான் எழுதிக் குடுப்பேன், வேற எவன் வாங்குவான்?"

அதையும் வாய்ச்சொல்லாக விடவில்லை. வாடகை ஒப்பந்தத்தை வக்கீலிடம் எழுத வைத்தேன், அக்காவின் மலேசிய பாஸ்போர்ட் எண்ணோடு, ஒளிவுமறைவில்லாமல். அக்கா கையெழுத்துப் போட்டார். ஈப்போ போய்க் காகிதங்களை எடுத்துவர மறுநாள் விமானம். பிறகு என் தோளைத் தொட்டார். "வாடகைக்கு வர்றவங்களும் பால் காய்ச்சுவாங்கதானே தங்கச்சி? அப்ப நான் காய்ச்சினது ஒண்ணும் தப்பில்ல."

நான் தொண்டை வற்றச் சொன்ன சட்டம் அசைக்காத வரதனை ஒரு பானைப் பால் அசைத்துவிட்டது என்றால், இருபது வருடமாகப் பத்திரம் படித்ததற்குப் பதில் நான் ஒரு மாடு வாங்கியிருக்கலாம்.