மெஹராஜ் பேகம் கேட்ட துஆ

நன்னிலம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவின் மனைவி மெஹராஜ் பேகம். ஒரே மகள் நுஸைபா, பதினேழு வயது. ப்ளஸ் ஒன் முழுப்பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சும் நின்றது. ஒருநாள் துவைக்கப் போட்ட சுடிதாரின் கைப்பகுதியில், உள்பக்கமாக, ரத்தக்கறையை மெஹராஜ் பார்த்தார். அன்றே தச்சரைக் கூப்பிட்டு, கதவு சரியில்லை என்று பொய் சொல்லி, மகளின் அறை உள்தாழ்ப்பாளைக் கழற்ற வைத்தார்.

கேட்டவர்களிடம் டைபாய்டு என்றார். அந்த டைபாய்டு ஏழு மாதம் நீடித்தது.

"நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேணாமா? வெளிய மூச்சு விடாத" என்றார் ஹபீப். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதிக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை. பக்கத்தில் திருவாரூரிலேயே டாக்டர் இருந்தும், தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார் மெஹராஜ்.

மனநல மருத்துவரின் வாசலில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம், பக்கத்திலிருந்த பெண் மெதுவாகக் கேட்டார்: "காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

மெஹராஜுக்கு நினைவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் மதுரம், திருவிடைமருதூரில் பள்ளி ஆசிரியை. மகள் ப்ரியம்வதாவுக்கு ஒன்பது வருடமாக அங்கேதான் வைத்தியம். "மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமைல எங்க வீட்டு மாடியில கூடுவோம். எல்லாரும் நம்மள மாதிரி பெத்தவங்கதான். வந்து சும்மா உக்காந்திருங்க, போதும்" என்றார்.

துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, மகளை நாத்தனார் பொறுப்பில் விட்டுப் போனார் மெஹராஜ். இரண்டு முறை வாயே திறக்கவில்லை. மூன்றாவது முறை போவதற்கு முன், நுஸைபா மூன்று நாள் பட்டினி கிடந்திருந்தாள். ஊட்டப் போனபோது அவள் எறிந்த தட்டு சுவரில் மோதி விழுந்தது.

"புதன்கிழமை தொழுதுட்டு கையேந்துனேன்" என்று கூட்டத்தில் ஆரம்பித்தார் மெஹராஜ். "யா அல்லாஹ், அவள எடுத்துக்க, இல்ல என்ன எடுத்துக்கன்னு கேட்டேன். பெத்தவ கேக்குற துஆவா இது?"

கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டும் செல்லதுரை தலைநிமிராமல் சொன்னார்: "நானும் கேட்டிருக்கேன் தங்கச்சி, என் மகனுக்கு. கோயில்ல சூடத்த ஏத்தி வச்சுட்டுக் கேட்டேன். வெளிய வந்து வாயிலயே அடிச்சுக்கிட்டேன்."

மெஹராஜ் உடைந்து அழுதார். அழாதீங்க என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு மாலை. அவர் தொழுது முடித்துத் திரும்பியபோது நுஸைபா வீட்டில் இல்லை. விடாத மழை, ஆறு கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது. செருப்பில்லாமல் ஆற்றை நோக்கி ஓடிய மெஹராஜ் முதலில் அழைத்தது கணவரை அல்ல, மதுரத்தை.

"லைன கட் பண்ணாதீங்க. என் பொண்ணு போன்ல செல்லதுரையக் கூப்பிடுறேன். குறுவை அறுப்புக்கு உங்க ஊர்ப்பக்கம்தான் வந்திருக்கார்."

செல்லதுரைதான் முதலில் பார்த்தார். படித்துறையில், இடுப்பளவுத் தண்ணீரில் நுஸைபா உட்கார்ந்திருந்தாள். அவர் நெருங்கவில்லை. "பாப்பா, நானும் கொஞ்சம் உக்காந்துக்குறேன்" என்று மேல்படியில் அமர்ந்தார். அவள் திரும்பவில்லை, எழுந்தும் போகவில்லை. மதுரம் போனில் இடம் சொல்ல, கால் மணி நேரத்துக்குப் பிறகு மெஹராஜ் சேற்றில் விழுந்தெழுந்து வந்து சேர்ந்தார்.

"என்னால முடியலம்மா" என்றாள் நுஸைபா. ஏழு மாதத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம்.

"எனக்கும் முடியலடி" என்று சொல்லிவிட்டு மெஹராஜ் தண்ணீரில் இறங்கி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, குளிரில் இருவருக்கும் பல் தந்தியடித்தபோது, நுஸைபா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

தஞ்சாவூரில் பத்தொன்பது நாள் உள்நோயாளியாக இருந்தாள். ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. ஹபீப் கடையைப் பூட்டிவிட்டு வார்டு வாசலிலேயே கிடந்தார். ஆனால் கூட்டத்துக்கு மட்டும் இன்றுவரை வரவில்லை.

நுஸைபா சில நாள் சாப்பிடுகிறாள், சில நாள் இல்லை. மாத்திரை நடக்கிறது. போன மாதம் மறுபடி கையில் புதுக் காயம். மெஹராஜ் மருந்து போட்டுக் கட்டிவிட்டு மதுரத்துக்குப் போன் செய்தார். "சொல்லுங்க, இருக்கேன்" என்றார் மதுரம். மெஹராஜ் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.