டிங் வராத பதினெட்டு கார்டு

கார்டைப் போனில் வைத்ததும் 'டிங்' வந்தால் அது போனின் பெருமை. வராவிட்டால் ஆப் எழுதினவளின் குற்றம். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறி ஷெட். வருகைப் பதிவுக்கு, போனில் தொட்டால் பதியும் கார்டு, பதினெட்டு பேருக்கும் ஆளுக்கொன்று. முதலாளியின் ஐபோனுக்கும் மேஸ்திரியின் ஆண்ட்ராய்டுக்கும் ஒரே ஆப். அந்த முதலாளிதான் என் முதல் வாடிக்கையாளர். "சனிக்கிழமை வரைக்கும் பாக்கறனுங்க அம்மிணி, அப்புறம் பழைய நோட்டுத்தான்" என்றுவிட்டார். இது நடக்காவிட்டால் பெங்களூர் வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஊரை விட்டுப் போக எனக்குத் துளியும் மனசில்லை.

முதுகா, நெத்தியா?

திங்கட்கிழமை, மேஸ்திரி தன் போனின் முதுகில் கார்டை வைத்தார், படித்தது. முதலாளியும் அப்படியே வைத்தார், ம்ஹூம். தேய்த்தார், தட்டினார், ஊதிக்கூடப் பார்த்தார். ஐபோனில் படிக்கும் இடம் மேல் விளிம்பு. நான் ஆப்பில் எழுதியிருந்ததோ 'பின்பக்கம் வைக்கவும்'. என் மடத்தனம்! அந்தந்தப் போனுக்கு ஏற்ற படம் போட்டு அங்கேயே மாற்றிக் கொடுத்தேன். முதலாளி சொன்னார்: "இத்தன வெலை குடுத்து வாங்கியும் இதுக்கு நெத்தியில தொட்டாத்தான் வேலை நடக்குமாட்ட இருக்குதுங்க."

ஒருத்தி, இரண்டு பேர்

புதன்கிழமை, தறி ஓட்டும் செல்லம்மாக்கா காலையில் மேஸ்திரி போனிலும் சாயங்காலம் முதலாளி போனிலும் கார்டை வைத்தார். ஆப் இரண்டு ஆள் என்றது. கார்டின் எண்ணை ஒரு போன் முன்னாலிருந்து கொடுக்கிறது, மற்றது பின்னாலிருந்து. சோதித்துப் பார்க்க என்னிடம் ஐபோன் இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்; யாரிடம் போய் அழ! திருப்பிப் போட நாலே வரி, கண்டுபிடிக்க ஒரு நாள். அக்கா சிரித்தார்: "ரெண்டு பேராவே இருக்கட்டுஞ் சாமி, ஒருத்தி ஊட்டுல சோறாக்கட்டும்."

எல்லாம் போச்சு

வெள்ளிக்கிழமை காலை பதினெட்டு கார்டும் செத்துக் கிடந்தன. எந்தப் போனிலும் மூச்சில்லை. ஆப்பைத் துருவித் துருவிப் பார்த்தேன், அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் கார்டைக் கையில் வாங்கினேன். அடக் கடவுளே! ஒவ்வொன்றின் ஓரத்திலும் அழகாக ஓர் ஓட்டை. கழுத்தில் மாட்ட வசதியாக இருக்குமே என்று, சேலை டிசைனுக்காகத் தறியில் மாட்டும் அட்டைக்கு ஓட்டை போடும் மிசினில் எல்லாவற்றையும் குத்தி நூல் கோத்திருக்கிறார் மேஸ்திரி. ஓரத்தைச் சுற்றி உள்ளே ஓடும் மெல்லிய கம்பி அறுந்தால் கார்டு வெறும் பிளாஸ்டிக். நான் அதைச் சொல்லவே இல்லை. மனுஷர் முகம் சுண்டிப்போய் நின்றார்: "அட்டைன்னு கைக்கு வந்தா ஓட்டை போட்டுத்தானுங்க எங்களுக்குப் பழக்கம்."

கையிருப்பிலிருந்த புதுக் கார்டுகளை அன்றைக்கே பதிந்து, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை ஷிப்டில் பதினெட்டும் டிங், டிங் என்றன. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலாளி நோட்டை மூடி வைத்தார்: "பாலத்துக்கு அக்கட்டால பவானியில என்ற மச்சான் ஷெட்டு இருக்குது, திங்கக்கிழமை போயிப் பாருங்க அம்மிணி."

பெங்களூர் இல்லை என்று அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. ஆனால் பவானிக்குக் கிளம்பியபோது பையில் லேப்டாப்புக்கு முன்னால் நான் எடுத்து வைத்தது நாற்பது பிளாஸ்டிக் உறை.