மேனேஜர் லைனில் இருக்கிறார்

வங்கியில் விசாரணைக் கவுண்டருக்குப் பொறுமைசாலிதான் வேண்டும் என்பார்கள். திண்டிவனம் கிளையில், ஏடிஎம் கார்டு எல்லார் கைக்கும் வந்த வருடங்களில், கோபக்காரனான என்னைப் பிடித்து அங்கே உட்காரவைத்தார்கள். கவுண்டருக்கு உள்ளே இருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஊருக்கே ஒரே நம்பர்

ஒலக்கூர் பக்கம் ஒரு மகளிர் குழுவுக்கு ஒரே நாளில் கார்டு கொடுத்தோம். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று விலாவாரியாகப் பாடம் எடுத்தேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் குழு முழுக்க ஒரே எண். தலைவி செல்வியே மிஷின் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஏம்மா இப்படி என்று தலையில் அடித்துக்கொண்டேன். விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“ஒருத்தி மறந்துட்டா இன்னொருத்திய கேட்டுக்கலாம் இல்ல சார்?”

டிடி எடுக்க வந்தவர்

முனுசாமி நிலத்தில் விளைந்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, விற்ற பணத்தைக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பீஸ் கட்ட டிடி எடுக்க வந்தார். என் எதிரில் நிற்கும்போதே அவர் போன் அடித்தது. “பேங்க் மேனேஜரா? வணக்கம் சார்” என்றவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கார்டு லாக் ஆகிவிடும் என்று எதிர்முனையில் இருந்தவன் ‘ஐயா, ஐயா’ என்று பணிவாகவே மிரட்டியிருக்கிறான். இவர் கார்டு எண்ணைக் கிளை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். மெசேஜில் வந்த எண்ணையும் என் காதுபடச் சொன்னார். எங்கள் நிஜ மேனேஜர் கண்ணாடி அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். “ஐயா, சொல்லாதீங்க, அவன் திருடன்” என்று நான் எழுந்து கத்தினேன். முனுசாமி போனைக் கையால் பொத்தினார்.

“கொஞ்சம் சும்மா இருங்க சார், மேனேஜர் பேசிக்கினு இருக்காரு.”

முன்பின் தெரியாதவர்கள்

நான் போனைப் பிடுங்குவதற்குள் ஒரு தொகை போய்விட்டது. மெசேஜைப் படித்துச் சொன்னேன். “பொண்ணு பீஸு சார்” என்றார். மீதியாவது மிஞ்ச வேண்டுமானால் கார்டை அந்த நிமிடமே முடக்க வேண்டும். எங்கள் கிளையிலோ வழக்கம்போல சிஸ்டம் டவுன். வங்கியின் உதவி எண்ணுக்கு அவர் போனிலிருந்தே அடித்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண் பிறந்த தேதி கேட்டாள். முனுசாமி வாயே திறக்கவில்லை. முன்பின் தெரியாத பொம்பளைக்கு அதெல்லாம் எதுக்கு என்று, அத்தனையும் கொட்டிவிட்ட மனிதர் அப்போது பார்த்து உஷாராகிவிட்டார். “ஜல்தியா சொல்லுங்க ஐயா” என்று நான் கும்பிட்ட பிறகே சொன்னார். கார்டு முடங்கியது. பீஸில் பாதி தப்பியது.

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். எங்களுக்கும் போலீசுக்கும் இன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்துவிட்டால் போன பணத்தைப் பிடிக்க வழி உண்டு என்றார். “நான் பேங்க் மேனேஜர் சொல்றேன், நம்புங்க” என்று முனுசாமியின் தோளைத் தொட்டார். முனுசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவரும் இப்படித்தான் சார் சொன்னாரு.”

இத்தனை வருடத்தில் முனுசாமியிடம் மரியாதையாகப் பேசிய முதல் மேனேஜர் அந்தத் திருடன்தான் என்பதை எங்கள் கிளையில் ஒருவரும் மறுக்கவில்லை.