அளக்காமல் போன பால்

பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதோடு என் இடுப்பும் விட்டுப்போனது. மலை ஏறித் தேயிலைக் கொழுந்து பறிக்காதவளுக்குத் தோட்டத்து லயத்தில் அறை கிடையாது. புருஷனும் இல்லை. ஹட்டன் ஆஸ்பத்திரியில் அந்தப் பயத்தோடுதான் கிடந்தேன்.

எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து எவ்வளவு கரைகிறதென்று டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றைத் தராசில் நிறுத்துத் தந்தார்கள். சிறுநீரையும் மலத்தையும் ஒரு துளி சிந்தாமல் பிடித்துக் கொடுத்தேன்.

ஒருநாள் அவர் சலித்துப்போய்க் கேட்டார்:

"உள்ள போறது முழுசா வெளிய வரல, எலும்புலயும் சேரல. எங்கம்மா போகுது?"

எனக்குச் சுருக்கென்றது.

"பக்கத்துக் கட்டில்காரிக்கு கடுங்காய்ச்சலுங்க. அவ புள்ள பசியில கத்துது. நான்தான் பால் குடுக்கிறேங்க. அதையும் அளக்கணும்னு தெரியாதுங்க ஐயா."

"நிறுத்திடும்மா. ஒன் எலும்புதான் பாலாப் போகுது."

தலையாட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் காதைப் பொத்தினேன். குழந்தை அழுதது; என் ரவிக்கை நனைந்தது. எழுந்துபோய் எடுத்துக்கொண்டேன்.

மலைக்கு நான் திரும்பவில்லை. தலவாக்கலையில் பஸ் நிற்குமிடத்தில், பக்கத்தில் ஊன்றுகம்பைச் சாத்திவைத்துக் கடலை விற்கிறேன். போன வாரம் அந்தப் பக்கத்துக் கட்டில்காரி வந்து, வளர்ந்துவிட்ட தன் மகனைக் காட்டினாள். அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.