கறை படாத பதினான்காவது வரி

1985ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே கால் மணி. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் எங்கள் வீட்டு மேசை மேல் இரண்டு நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று அழுக்கு நோட்டு; வேலை நடக்கும்போதே கிறுக்கிக்கொள்வது. மற்றது சுத்த நோட்டு; ஞாயிறுதோறும் தேதி வாரியாகப் பெயர்த்து எழுதுவது. குழாயில் தண்ணீர் நின்ற நாள், முருங்கை முதலில் பூத்த நாள், படித்து முடித்த புத்தகம் என்று எதையும் விடமாட்டேன். தொழிற்சாலையிலும் பரிசோதனைப் பிரிவில்தான் வேலை. என் நோட்டில் இருந்தால் அது நடந்ததுதான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவர்களைவிட அதிகமாக நான் நம்பினேன்.

அன்று பெயர்த்துக்கொண்டிருந்தது என் மைத்துனனின் கார் விவரம். மைத்துனன் என்றால் என் மனைவிக்கு இருந்த ஒரே தம்பி. காட்டுப்பாக்கத்தில் வீடு. பதினைந்து வயதைக் கடந்த ஒரு ஹெரால்டு கார் வைத்திருந்தான். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்தில் ஒரு தடவையாவது அதை ஓட்ட வேண்டும் என்பது அவனுடைய பல வருட ஆசை. வளைவில் அந்தக் கார் படகு போலச் சாயும். அதனால் முன்பக்கத்து சஸ்பென்ஷனை முழுதாக மாற்றினோம். மண்ணூர்பேட்டைப் பட்டறை ஒன்றில் குட்டையான, தடித்த ஸ்பிரிங்குகள் சுற்றி வாங்கினோம். ஷாக் அப்சார்பர் புதிது. சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பியும் முன்னதைவிடத் தடிமன். பூட்டும் வேலை பூந்தமல்லியில் ஒரு பாயின் மெக்கானிக் ஷெட்டில் நடந்தது.

பாய்க்கு என் வயதுதான். புத்தகம் பார்த்து வேலை செய்கிறவரில்லை. எனக்கோ புத்தகம் இல்லாமல் ஒரு ஸ்பேனரைக்கூடத் தூக்க வராது. மூர் மார்க்கெட்டில் கிடைத்த ஆங்கிலக் கையேட்டைப் படித்து, செய்ய வேண்டியதை இருபத்திரண்டு வரிகளாகத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். ஒரு வேலை முடிந்தால் அந்த வரிக்கு எதிரே சிவப்பு டிக்.

பதின்மூன்றாவது வரியும் பதினான்காவது வரியும் முக்கியமானவை. அந்தக் காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரையாகத் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்டு அந்த மரையில்தான் சுழலும். கட்டையை முழுதாக இறுக்கிவிட்டு, ஒரு சுற்று பின்னால் எடுத்துவிட்டுப் பூட்ட வேண்டும். எடுக்க மறந்தால் நேர்சாலையில் ஒன்றும் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் முழுதாக ஒடிக்கும்போது மரை முட்டி நிற்கும். காரின் பாரம் மொத்தமும் அங்கே இறங்கி, தண்டு ஒடிந்து, சக்கரம் உள்ளே மடங்கிவிடும். சோழவரத்தில் அப்படிப்பட்ட வளைவுகள் உண்டு. பதின்மூன்றாவது வரி வலது பக்கம். பதினான்காவது இடது.

அழுக்கு நோட்டில் ஒவ்வொரு டிக்குக்குப் பக்கத்திலும் என் கட்டைவிரலின் கிரீஸ் கறை இருந்தது. வேலை செய்த கையோடு பேனாவை எடுத்தால் கறை படாமல் இருக்குமா? பெயர்த்துக்கொண்டே வந்தவன் பதினான்காவது வரியில் நின்றுவிட்டேன். சிவப்பு டிக் இருந்தது. கறை இல்லை. அந்த வரி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நடந்தது மெல்ல நினைவுக்கு வந்தது. வலது பக்கத்தை முடித்துக் கையைத் துணியில் அழுந்தத் துடைத்திருந்தேன். இடது பக்கத்துக் கட்டை தயாராக இருந்தது. ஐந்து நிமிட வேலை. தொழிற்சாலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே கடைசி இரண்டு கட்டங்களில் டிக் போட்டு வைக்கும் பழக்கம் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் உண்டு. எப்படியும் செய்யத்தானே போகிறோம் என்ற துணிச்சல். அதே கை இங்கேயும் போட்டுவிட்டது. பிறகு கட்டையை முழுதாக இறுக்கியது நினைவிருக்கிறது. அப்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும் என்று பாய் கூப்பிட்டார். போனேன். திரும்பி வந்து ஒரு சுற்று பின்னால் எடுத்தேனா? எத்தனை யோசித்தும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அதன்பின் ஆவடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கார் சனிக்கிழமையே சோழவரம் போய்விட்டது. மைத்துனன் அங்கேயே ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தான். தொலைபேசி கிடையாது. பந்தயம் பத்து மணிக்கு.

மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். பந்தயத்தைக் கண்ணால் பார்க்க அவளுக்குப் பயம்; அது முடிந்தபின் மத்தியானம் நாங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. "ராத்திரி பூரா அவனையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாம் நீங்க பாத்தாச்சுல்ல?" என்று கேட்டாள்.

"நோட்டுல எழுதியிருக்கேன்" என்றேன்.

அவள் நிம்மதியாக உள்ளே போனாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் பஸ் நிலையத்துக்கு விரைந்தேன். அவளிடம் ஒரு சாமான் மறந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். செங்குன்றம் பஸ் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. எப்போது எடுப்பீர்கள் என்று கண்டக்டரை மூன்றாவது தடவை கேட்டபோது அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "இன்னா சார், பொண்ணு பாக்கவா போற? டைமுக்குத்தான் எடுப்பாங்க. குந்து." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன்.

செங்குன்றத்தில் பந்தயம் பார்க்கப் போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. மூன்றாவதில் படிக்கட்டில் தொற்றிக்கொண்டேன். எனக்கு மேல் படியில் நின்ற இரண்டு இளைஞர்கள் பந்தயக் கதைகள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் சொன்னான்: "வண்டி பின்னாடி வந்துகினு கீது, வீலு முன்னாடி போய்கினு கீது மாமே. டிரைவருக்கே தெரியல." மற்றவன் விழுந்து விழுந்து சிரித்தான். கம்பியைப் பிடித்திருந்த என் கை வியர்த்து வழுக்கியது. கைக்கடிகாரத்தைப் பார்க்க ஒரு கையை விடவேண்டும். விடப் பயம், பார்க்காமலிருக்கவும் பயம்.

ஓடுதளத்தை அடைந்தபோது ஒன்பதே முக்கால். தூரத்தில் என்ஜின்களின் இரைச்சல். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கார்கள் வரிசையாக நின்றன. வெளிர்நீல ஹெரால்டு ஐந்தாவதாக நின்றது. குட்டை ஸ்பிரிங்கில் முன்பக்கம் தரையோடு தாழ்ந்து பார்க்க அழகாக இருந்தது. உள்ளே மைத்துனன் ஹெல்மெட் போட்டு, கைகளை ஸ்டியரிங்கில் வைத்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

கயிற்றின் அடியில் நுழைந்தேன். ஒரு தொண்டர் என் கையைப் பிடித்து இழுத்தார். இரைச்சலில் மெதுவாகச் சொல்ல வழியில்லை. எல்லோர் முன்னிலும் கத்தினேன்: "வண்டியை எடுக்காதே. இடது முன்சக்கரத்தை நான் சரியா பூட்டல."

அதைக் கேட்க வேண்டியவன் கேட்டான். பக்கத்தில் நின்ற பரிசோதகர் ஒருவரும் கேட்டார். சக்கரத்தில் சந்தேகம் என்று பூட்டினவரே சொன்ன பிறகு, சோதித்துப் பார்க்காமல் விடமாட்டேன் என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். எனக்கு அவர் நிலைமை புரிந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். காரை வரிசையிலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்தோம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார்கள். முட்டவில்லை. கட்டையின் போல்ட்டைக் கழற்றி மரையையும் பார்த்தார்கள். சரியாக ஒரு சுற்று பின்னால் எடுத்திருந்தது.

அதற்குள் கொடி அசைந்து, அவனுடைய பந்தயம் கிளம்பிப் போய்விட்டது. அவன் வகைக் கார்களுக்கு அன்று அது ஒன்றுதான்.

மைத்துனன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "மாமா, நோட்டுல இன்னா போட்டிருக்கீங்க?"

"டிக் இருக்கு."

"அப்புறம் இன்னாத்துக்கு வந்தீங்க?"

கறை இல்லை என்று சொன்னால் யாருக்குப் புரியும்? திரும்பும்போது அதே காரில்தான் வந்தோம். ஆவடி வரை அவன்தான் ஓட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் கார் துளிகூடச் சாயாமல் திரும்பியது. அதுதான் தாங்கமுடியவில்லை.

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்ததும் பூந்தமல்லிக்குப் போனேன். நான்தான் செய்துவிட்டு மறந்திருக்கிறேன் என்றால், இனி என் நினைவை எப்படி நம்புவது என்று பயமாக இருந்தது. பாய் ஒரு லாரியின் அடியிலிருந்து எழுந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க எடுக்கல சார்" என்றார் சாதாரணமாக. "வலது பக்கம் எடுத்தீங்க, பாத்தேன். இடது பக்கம் கட்டை கையிலயே கீது, டிக்கு விழுந்துட்ச்சி. நீங்க பஸ்ஸுக்குப் போனப்பறம் வீல ஒடிச்சிப் பாத்தேன், முட்டுச்சி. கழட்டி ஒரு சுத்து எடுத்துட்டுப் பூட்னேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழம உங்க மச்சான்தான் வண்டி எடுக்க வந்தாரு, அவரு எதுக்க உங்கள விட்டுக்கொடுக்கறதா சார். நீங்க ஃபேக்டரில செக்கிங் பண்றவரு. எழுதிட்டீங்க. எழுதினவர்கிட்ட போயி செய்யலன்னு எப்படிச் சொல்றது? வேல சரியா முடிஞ்சா போதும்னு உட்டுட்டேன்." பிறகு, மைத்துனன் ஓட்ட முடியாமல் போனதற்குத் தானும் காரணமாகிவிட்டோமோ என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். என் மானத்தைக் காப்பாற்றப் பேசாமலிருந்த மனிதரிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

மைத்துனனிடம் போய் இதையும் சொன்னேன். "பாய்க்கு ஒரு பிரியாணி வாங்கித் தரணும்" என்றான். அவ்வளவுதான். அவன் மறுபடி பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அந்தக் கார் கைமாறியது.

சுத்த நோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் கீழ் எல்லாவற்றையும் எழுதினேன். என் பொய் டிக், பாயின் கை, மைத்துனன் கேட்ட கேள்வி, எதையும் விடவில்லை. ஒன்றைத் தவிர. மனைவி நிம்மதியாக உள்ளே போனதற்கும் நான் சட்டையை மாட்டியதற்கும் நடுவில் பத்து நிமிடம் இருந்தது. போனால் என் நோட்டு பொய் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒருவேளை எல்லாம் சரியாகவே இருக்கலாம். பேசாமல் இருந்துவிடலாமா என்று அந்தப் பத்து நிமிடமும் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தம்பியின் உயிரையும் என் நோட்டின் பெயரையும் ஒரே தராசில் வைத்த அந்தப் பத்து நிமிடத்தை இன்றுதான் முதன்முறையாக எழுதுகிறேன். எழுதி முடித்த பிறகும் அந்த வரிக்கு எதிரே டிக் போட எனக்குக் கை வரவில்லை.