மூன்றாம் கேமராவில் உட்கார்ந்திருந்தவர்

ஃபீபியின் தொழில் முகங்களைச் சரிசெய்வது. பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1994-ல், ஆம்பூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். விளக்குப் பெட்டியின் மேல் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே விழுந்த கருமை எல்லாவற்றையும் மெல்ல நிரப்புவாள். நெகட்டிவில் வெள்ளைச் சட்டை கறுப்பாக இருக்கும், கறுத்த தலைமுடி வெளுத்திருக்கும். அப்படிப் பார்த்தே அவள் கண் பழகிவிட்டது. தெருவில் எதிரே வருபவர் நெகட்டிவில் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொண்டே நடப்பாளாம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதையும் கற்றுக்கொண்டாள். 2006-ல் ஸ்டுடியோவை மூடினார்கள். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டு, பழைய படங்களைப் புதுப்பிக்கும் வேலையைத் தானே எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். செல்லரித்த கல்யாணப் படம், தண்ணீர் பட்ட குடும்பப் படம், இறந்துபோனவர்களின் அடையாள அட்டைப் படம் என்று எதையாவது கொண்டுவருவார்கள். அவள் அதைப் பெரிதாக்கிக் கொடுப்பாள்.

அவளிடம் இருந்தது பதினைந்து அங்குல மானிட்டர். ஒரு முகத்தைப் பெரிதாக்கினால் மூக்கு மட்டும்தான் தெரியும். சாயங்காலத்துக்குள் நெற்றி விண்விண் என்று தெறிக்கும். கணவன் ரிச்சர்ட் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளன். தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வருபவன். "கண்ணு போச்சுன்னா இன்னா செய்வே? பெருசா ஒண்ணு வாங்கிடு" என்று அவன்தான் சொன்னான். இருவரும் சேர்ந்து ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள்.

2007 அக்டோபரில் ஒரு வாரம் முழுக்க அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஆறாயிரத்துக்குப் புதிதாகக் கிடைத்தது பதினேழு அங்குலம். அப்போதுதான் வந்திருந்த தட்டை மானிட்டர் ஒன்பதாயிரத்துக்கு மேல். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தால் முகத்தின் நிறமே மாறியது. முகத்தை வைத்துப் பிழைப்பவளுக்கு அது சரிப்படாது. கடைசியில் பழைய பொருள் வியாபாரி அதாவுல்லாவின் கடையில் அதைப் பார்த்தாள். இருபத்தொரு அங்குலம், பழைய டிவி போல முதுகு நீண்ட குழாய் மானிட்டர், முப்பது கிலோ கனம்.

"ஒரு ஷூ கம்பெனி ஏலத்துல எடுத்தது சிஸ்டர். ஜாஸ்தி யூஸ் ஆகல" என்றார் அதாவுல்லா.

"எவ்ளோ பாய்?"

"அஞ்சு குடுங்க. வேற ஆளுக்குன்னா ஏழு."

"ஏன் இவ்ளோ கம்மியா குடுக்கறீங்க?"

அவர் சிரித்தார். "இடத்த அடைக்குதும்மா. ரெண்டு மாசமா எவனும் தூக்கிட்டுப் போக மாட்டேங்கறான்."

கடையில் அதை ஓட்டிக் காட்டியபோது திரையில் மலையும் பச்சைப் புல்லும் இருந்த படம் ஒன்று போட்டிருந்தார். நிறங்கள் அழுத்தமாக இருந்தன. ஃபீபி தன் பையிலிருந்த சீடியைப் போட்டு இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தாள். அவை இருண்ட பின்னணி கொண்ட ஸ்டுடியோ படங்கள். திருப்தியாக இருந்தது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. ரிச்சர்டும் ஆட்டோக்காரரும் சேர்ந்து அதை வீட்டுக்குள் இறக்கினார்கள்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் உள்ளே டொம் என்று ஒரு சத்தம். அந்த வகை மானிட்டர் எல்லாமே அப்படித்தான். ஆனாலும் அறைக்குள் யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் அவளுக்குக் கேட்டது.

இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. கண்வலி குறைந்தது. ஒரே ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. எந்தப் படத்தைத் திறந்தாலும் வலதுபக்கக் கீழ் மூலை கொஞ்சம் மங்கலாகவே அவளுக்குப் பட்டது. பழைய படம்தானே, மங்கியிருக்கும் என்று அந்த இடத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள்.

நவம்பர் கடைசியில் முனவ்வர் பேகம் என்பவர் வந்தார். முந்தைய வாரம்தான் தன் தகப்பனார் மக்பூல் அகமதுவின் பழைய படத்தைப் பெரிதாக்கி வாங்கிப் போயிருந்தார். தோல் மண்டியில் கணக்கராக இருந்தவர். ஒரு திரைச்சீலைக்கு முன்னால் தனியாக நின்று எடுத்துக்கொண்ட படம். அந்த அம்மாள் உட்காரவில்லை. படத்தை மேஜைமேல் வைத்து, விரலால் தொடாமல் காட்டினார்.

"எங்க அப்பா பக்கத்துல யாரும்மா இது?"

ஃபீபி குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு தெரிந்தது. திரைச்சீலையின் கீழ்ப்பக்கம், பெரியவரின் முழங்கால் உயரத்துக்கு, வெளிறிய ஓர் உருவம். இரண்டு தோள். ஒரு மார்பு. மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்த வெளுத்த தலை. யாரோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பிரிண்ட்ல கோளாறும்மா. நான் வேற போட்டுத் தர்றேன்" என்றாள்.

"அப்பா தனியாத்தான் நின்னாரு. எங்க அம்மா இதைப் பாத்துட்டு ரெண்டு நாளா சாப்பிடல" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனார்.

அன்று மழை மூட்டம். பகல் பதினோரு மணிக்கே அறை மங்கிக் கிடந்தது. ஃபீபி ஜன்னலைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டரில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரை முழுவதும் விரித்தாள். வலதுபக்கக் கீழ் மூலையில் நிழல் இருந்தது. உள்ளங்கை அளவு. இத்தனை நாள் அவள் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சமாக்கிக்கொண்டிருந்தது படத்தின் மங்கலை அல்ல, இந்த நிழலை. திரையில் இருட்டாகத் தெரிந்ததை அவள் சரிசெய்யச் சரிசெய்ய, காகிதத்தில் அது வெள்ளையாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

குழாய் மானிட்டரில் ஒரே காட்சி வருடக்கணக்காக ஓடினால் அந்தக் காட்சி கண்ணாடியின் உட்புறத்திலேயே பதிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். வெளிச்சமாக இருந்த இடம் தேய்ந்து கறுத்துப்போகும். அதாவது நெகட்டிவ். அவள் தன் டிஜிட்டல் கேமராவை எடுத்து அந்த வெள்ளைத் திரையைப் படம் பிடித்தாள். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் திருப்பினாள்.

காவல் கேமராக்களுக்கு வைப்பதுபோல நான்கு கட்டங்களாகப் பிரிந்த ஒரு திரை மெல்லத் தெரிந்தது. மூன்று கட்டங்களில் கோடுகள் மட்டும். வலது கீழ்க் கட்டத்தில் ஒரு கேட்டின் கம்பிகள், மேலே ஒரு டியூப் லைட், அதன் கீழே நாற்காலி. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். நரைத்த தலை இடது தோளை நோக்கிச் சரிந்திருந்தது. முகம் தெரியவில்லை. கால்கள் இரண்டும் தரையில் நேராக இருந்தன. கட்டத்தின் ஓரத்தில் கேமரா மூன்று என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

ரிச்சர்ட் வந்ததும் காட்டினாள். ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்தவன் அவன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தூங்கற ஆளோட கழுத்து இப்பிடி விழாது ஃபீபி" என்றான்.

மறுநாள் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அதாவுல்லா கடைக்குப் போனாள். அவர் அதைப் பார்த்ததும் கடைக்குள் திரும்பி, கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பாய், இது யாரு?"

"அல்லா மேல சத்தியமா, கண்ணாடியில இருக்கும்னு எனக்குத் தெரியாது சிஸ்டர்."

"யாருன்னு மட்டும் சொல்லுங்க."

கம்பெனியில் சாமான் ஏற்ற வந்தவர்கள் பேசிக்கொண்டதை அவர் சொன்னார். அங்கே கோதண்டராமன் என்று ஒரு வாட்ச்மேன். போன வருடம் தீபாவளிக்கு ஐந்து நாள் லீவு விட்டார்கள். காவலுக்கு அவர் ஒருவர்தான். லீவு முடிந்து திறந்த அன்று நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். எப்போது உயிர் போனது என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸ் அறையில் இந்த மானிட்டர் ஐந்து நாளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பார்க்க ஆள் இல்லை.

"அதுக்கப்புறம் அந்த ரூம்ல யாரும் உக்கார மாட்டேன்னுட்டாங்களாம். அதான் ஏலம் உட்டாங்க. உங்களுக்கு வேணாம்னா நான் மாத்திக் குடுக்கறேன்" என்றார்.

அப்போதே மாற்றியிருக்கலாம். ஃபீபி ஏனோ தலையாட்டவில்லை. யாருடைய முகம் என்று தெரியாமல் எந்தப் படத்தையும் அவள் கையிலிருந்து விட்டதில்லை. கோதண்டராமனின் ஊர் ஒடுகத்தூர் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தச் சனிக்கிழமை ரிச்சர்டோடு பஸ் ஏறினாள்.

அவருடைய மனைவி எல்லம்மா களத்தில் வேர்க்கடலை உலர்த்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஃபீபி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் படத்தை நீட்டினாள். எல்லம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இவருதான்" என்றார் உடனே. "இடது தோள் எறங்கியிருக்குது பாரு. மூட்டை சொமந்த தோளு." அப்புறம் படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆனா இவரு இப்பிடி உக்கார மாட்டாரே."

"எப்பிடிங்கக்கா?"

"ரெண்டு காலும் கீழ வெக்க மாட்டாரு. முட்டி வலி. வலது காலத் தூக்கி நாற்காலி மேல மடிச்சி வெச்சிக்குவாரு. மொதலாளி கார் வந்தாக்கூட எறக்க மாட்டாரு. அதுக்கே எத்தினி வாட்டி திட்டு வாங்கியிருக்காரு." அவர் குரல் தணிந்தது. "லீவு முடிஞ்ச அன்னிக்குக் காலையிலதான் போச்சுன்னாங்க. துணியச் சுத்தி எடுத்தாந்து, குளிப்பாட்டக்கூட உடல. அது பொய்யின்னு நான் அப்பவே நெனைச்சேன்."

ஃபீபி படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். கோதண்டராமன் அந்த நாற்காலியில் நான்கு வருடம் உட்கார்ந்திருக்கிறார். பதிய வேண்டியது அந்த நான்கு வருடம். மடித்த கால் எங்காவது ஒரு கோடாகவேனும் இருந்திருக்க வேண்டும். இல்லை. கண்ணாடியில் இருந்தது, யாரும் பார்க்காத அந்தச் சில நாட்கள் மட்டும்தான். சில நாளில் திரை அப்படிப் பதியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை எல்லம்மா தனியாக பஸ் ஏறி ஆம்பூர் வந்தார். ஃபீபி வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். எல்லம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. வெளியே பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது.

"இத்த அணைச்சிட்டா அவரு எங்க போறாரு?"

"எங்கயும் போக மாட்டாருக்கா. கண்ணாடிக்குள்ளதான் இருப்பாரு. வெளிச்சம் இல்லன்னா தெரியாது, அவ்ளோதான்."

"அப்போ இன்னும் டூட்டி முடியல" என்றார் எல்லம்மா.

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு இத்தக் குடுத்துடும்மா. மண்ணுல வெச்சிடறேன். அந்த மனுசன் எத்தினி நாள் உக்காந்துட்டே இருப்பாரு" என்று கேட்டார். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்க்கப் போனார். ஃபீபி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு அது சுலபமான முடிவு இல்லை. அந்தப் பெரிய திரையில் அவள் கண் தேறியிருந்தது. தெரியாத்தனமாக வெளிச்சமாக்கிய படங்களை எல்லாம் திரும்ப வாங்கி, காசில்லாமல் மறுபடி செய்து தர வேண்டியிருந்தது. அதற்கும் திரை வேண்டும். அதாவுல்லாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் பேரம் பேசவில்லை. கடையிலிருந்த பதினேழு அங்குல மானிட்டர் ஒன்றை, அவளே வெள்ளைப் பக்கம் போட்டுப் பார்த்துத் திருப்தியான பிறகு, மாற்றாகக் கொடுத்தார். வண்டியும் தன்னுடையதையே எடுத்து வந்தார்.

எல்லம்மாவின் ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில், கோதண்டராமனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். நடுப்பகல். ஊரார் நாலைந்து பேர் சற்றுத் தள்ளி நின்றார்கள். கிட்டே வரவில்லை. ரிச்சர்டும் அதாவுல்லாவும் மானிட்டரைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கண்ணாடி மேலே பார்த்திருந்தது. அதில் வானமும் குனிந்து நின்ற தலைகளும் தெரிந்தன. ஃபீபி தலைகளை எண்ணிப் பார்க்கப் போய், வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போதும்யா, எழுந்து போ" என்று சொல்லி எல்லம்மா முதல் மண்ணைப் போட்டார். மண் விழுந்ததும் கண்ணாடி ஒரு தரம் டொம் என்றது. வெறும் மண் விழுந்த சத்தம்தான் என்று அதாவுல்லா இரண்டு முறை சொன்னார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

முனவ்வர் பேகத்துக்குப் புதுப் படத்தை ஃபீபியே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோதண்டராமனின் அடையாள அட்டையில் இருந்த, ஒரு ரூபாய்க் காசு அளவு முகத்தைப் பெரிதாக்கி, கழுத்தை நிமிர்த்தி, சட்டைக் காலரைச் சரிசெய்து எல்லம்மாவுக்கு ஒரு படம் செய்தாள். அதற்கு ஒன்பது நாள் பிடித்தது. பதினேழு அங்குலத்தில் நெற்றிவலி திரும்ப வந்தது. மூன்று வருடம் கழித்து, கடன் இல்லாமல் ஒரு தட்டை மானிட்டர் வாங்கினாள். இப்போதும் அதே முன்னறையில்தான் வேலை செய்கிறாள். அந்தப் பெரிய திரையைப் பற்றி யாராவது கேட்டால், "நல்ல கலர்ங்க அது" என்பாள்.